வால்வரைக்கும் வெள்ளைக் கோடு

அக்டோபர் 3, வியாழன்

இந்த டைரியைக் கொடுத்தது ஹெலன் மேடம். எங்கள் வட்டார அறிவியல் குழுவின் ஒருங்கிணைப்பாளர். விலங்கியல் படித்தவர். "மூர்த்தி அண்ணே, எந்த ஊருக்குப் போனீங்க, சுவரை யார் பார்த்தாங்க, என்ன கேட்டாங்க, எல்லாத்தையும் மறைக்காம எழுதுங்க. மாசக் கடைசியில நான் வாங்கிப் படிப்பேன்" என்றார். முப்பது வருஷமாகச் சுவரில் எழுதுகிறேன். தாளில் எழுதச் சொன்ன முதல் ஆள் இவர்தான்.

என் பெயர் சேவுகமூர்த்தி. சுவரின் ஓரத்தில் 'மூர்த்தி ஆர்ட்ஸ்' என்று இருக்கும். ஃபிளெக்ஸ் வந்தபிறகு எங்கள் தொழில் படுத்துவிட்டது. படுத்த தொழிலைத் தூக்கி நிறுத்தியது இந்தப் பாம்புச் சுவர்தான். இருபத்தேழு ஊரில் வரைந்து முடித்துவிட்டேன். இடது பக்கம் நான்கு விஷப்பாம்பு, வலது பக்கம் நான்கு விஷமில்லாத பாம்பு. பெரிய தாளில் ஒருமுறை வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் துளை போட்டு வைத்திருக்கிறேன். சுவரில் ஒட்டிக் கரித்தூள் மூட்டையால் தட்டினால் புள்ளி விழும். இருபத்தேழு ஊரிலும் ஒரே பாம்பு, ஒரே வளைவு. அச்சு இயந்திரம் தோற்றுப்போகும்.

மேடம் கொடுத்த புகைப்படத்தில், வலது பக்கம் வரவேண்டிய விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையன் பார்க்கச் சகிக்காது. கழுத்தில் வெள்ளைக் கோடு நன்றாக இருக்கிறது, வால் பக்கம் போகப்போக அழிந்து மொட்டையாக நிற்கிறது. பாதியில் கூலி வாங்கிக்கொண்டு ஓடிப்போனவன் வேலை மாதிரி இருந்தது. நான் வால் நுனிவரைக்கும் கோடு போட்டு நிறைவாக்கினேன். ஜனங்கள் மனதில் நிற்கட்டும் என்று கீழே ஒரு வாசகமும் நானே கட்டினேன்.

வால்வரைக்கும் வெள்ளைக் கோடு
பயத்தைத் தூக்கித் தூரப்போடு!

போனில் சொல்லிக் காட்டியபோது மேடம் சிரித்துவிட்டு, "சூப்பர் அண்ணே, போடுங்க" என்றார். இன்று ஊர் ஊருக்குப் பிள்ளைகள் இதைச் சொல்லிக்கொண்டு திரிகின்றன. மற்ற ஏழு பாம்புகளுக்கும் குழு கொடுத்த வாசகம்தான். அதில் ஒரு வரியைக்கூட எவனும் சொல்லிக் கேட்டதில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

புளியனேந்தல். பாம்புச் சுவருக்குப் பக்கத்தில் தடுப்பூசிச் சுவர் வரைய வேண்டும். போனால் ஊரில் சாவு. தப்பு முழங்கிக்கொண்டிருந்தது. வேலை நடக்காது.

டீக்கடை சின்னையாவிடம் விசாரித்தேன். "நம்ம உடையப்பன் சம்சாரம் மீனாள். விடிகாலம் வயித்த வலின்னு சுருண்டு படுத்துச்சாம். எட்டு மணிக்கெல்லாம் கண்ணத் தொறக்க முடியல. ஆசுபத்திரி போறதுக்குள்ள வழியிலயே போயிருச்சு" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். டீ ஆறிப்போயிருந்தது, மாற்றித் தரச் சொன்னேன்.

பாம்புச் சுவருக்கு அடியில் யாரோ ஒரு பிளாஸ்டிக் குடத்தைப் போட்டு வைத்திருந்தார்கள். வாயில் துண்டு கட்டியிருந்த அடையாளம். காலிக் குடம். எடுத்து ஓரமாக வைத்தேன். அறிவியல் சுவருக்கு முன்னால் குப்பை போடக்கூடாது என்று இந்த ஜனத்துக்கு எத்தனை தடவை சொல்வது?

அக்டோபர் 11, வெள்ளி

புளியனேந்தலில் இருந்து போன். சுவரில் சாணி அடித்திருக்கிறார்களாம்.

போய்ப் பார்த்தேன். சுவர் முழுக்க இல்லை. வலது பக்கம், மேலிருந்து இரண்டாவது. வெள்ளிக்கோல் வரையன் மட்டும். மற்ற ஏழு பாம்பின் மேலும் ஒரு துளி படவில்லை. குறி பார்த்து அடித்திருக்கிறான். கழுவிவிட்டு, மங்கிய கோடுகளை மறுபடி எடுப்பாகத் தீட்டினேன். முன்னைவிட நன்றாக வந்திருக்கிறது.

பார்வையாளர்கள்: ஏழெட்டுப் பேர். கேள்விகள்: இல்லை. வழக்கமாக என் தோளுக்குப் பின்னால் நின்று பேசித் தொலைப்பார்கள். இன்று தூரத்தில் நின்றார்கள்.

அக்டோபர் 12, சனி

சந்தேகப் பட்டியல்: ஒன்று, ஃபிளெக்ஸ் கடை ஜெகதீசன். இரண்டு, விஷக்கடி வைத்தியர் ராக்கப்பன். மூன்று, தேர்தலுக்கு இப்போதே சுவர் பிடிக்கிற கட்சிக்காரர்கள். மூன்று பேருக்கும் காரணம் இருக்கிறது.

அக்டோபர் 15, செவ்வாய்

மறுபடியும். இந்தத் தடவை செங்கல்லால் தேய்த்திருக்கிறான். அதே பாம்பு. வாசகத்தில் 'வால்வரைக்கும்' என்ற சொல்லையும் சேர்த்துத் தேய்த்திருக்கிறான். கட்சிக்காரனாக இருந்தால் முழுச் சுவருக்கும் வெள்ளையடித்துத் தன் சின்னத்தைப் போட்டிருப்பான். ஒரே ஒரு பாம்போடு அவனுக்கு என்ன பகை? மூன்றாவது பெயரை அடித்துவிட்டேன்.

நேராக ஜெகதீசன் கடைக்குப் போனேன். போன மாதம் இதே ஜெகதீசன் மேடத்திடம், பாம்புப் படத்தை ஃபிளெக்ஸில் அடித்துத் தருகிறேன், ஒரே நாளில் இருபத்தேழு ஊருக்கும் மாட்டிவிடலாம் என்று கேட்டவன்.

"யோவ், எனக்கு வேற பொழப்பு இல்லயா? காதுகுத்து சீசனு. கட்-அவுட் அடிக்கவே நேரம் பத்தல" என்றான். கூடவே, "நானா இருந்தா போட்டோவ அப்படியே அடிச்சிருப்பேன். ஒன்ன மாதிரி கைவரிசை காட்டியிருக்க மாட்டேன்" என்றான்.

கைவரிசை என்று எதைச் சொல்கிறான்? கேட்டிருக்கலாம். கோபத்தில் வந்துவிட்டேன். போகிற வழியில் வெள்ளை பெயிண்ட் வாங்கிக்கொண்டு போய்ச் சரி செய்தேன். அவன் தேய்க்கத் தேய்க்க நான் வரைவேன். யார் கை முதலில் ஓய்கிறது பார்ப்போம்.

அக்டோபர் 17, வியாழன்

ராக்கப்பன் வீட்டுக்குப் போனேன். புளியனேந்தலுக்கு அடுத்த ஊர். வேர் கொடுப்பார், மந்திரிப்பார். எங்கள் சுவர் வந்தபிறகு அவரிடம் போகிற கூட்டம் குறைந்துவிட்டதாக மேடம் ஒரு கூட்டத்தில் புள்ளிவிவரத்தோடு சொன்னார். ஆகவே பகைக்குக் காரணம் பலமாக இருக்கிறது.

மனிதர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். சுவரைப் பற்றிச் சொன்னதும் கோபப்படவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"நா எதுக்குப்பா ஒஞ் சொவத்துல சாணியடிக்கிறேன்? எனக்கு அம்புட்டுத் தூரம் நடக்கவே முடியாது" என்றார். வெற்றிலையை வாயில் போட்டு மென்றுவிட்டு, "அந்தப் புள்ள எங்கிட்ட வந்திருந்தாக்கூட, கண்ணு சொருகுறதப் பாத்ததும் ஆசுபத்திரிக்குத்தான் வெரட்டியிருப்பேன். எனக்கு அது தெரியும். கட்டுவிரியனுக்கு எங்கிட்ட வேரு கெடையாது" என்றார்.

எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. வைத்தியரிடம் பேச்சுக் கொடுத்தால் நம்மையே மந்திரித்துவிடுவார். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கேள்விகள்: இல்லை.

அக்டோபர் 18, வெள்ளி

மழை. வேலைக்குப் போகவில்லை. மேடம் கொடுத்த பழைய புகைப்படங்களைப் பெட்டியில் தேடினேன். கிடைத்தன. தூரிகைகளைக் கழுவி வைத்தேன்.

அக்டோபர் 19, சனி

மழை.

புகைப்படத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் பஞ்சவர்ணம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறாள். என் மனைவி. பெயரில்தான் ஐந்து வர்ணம், பேச்சு எப்போதும் கறுப்பு வெள்ளை.

"ஏங்க, இதுல கட்டுவிரியனுக்குத்தான் வாலு வரைக்கும் கோடு இருக்கு. கழுத்துக்கிட்ட ஒண்ணுமில்ல. அந்த இன்னொண்ணுக்குக் கழுத்துல இருக்கு, வாலுல இல்ல. நீங்க சொவத்துல வரஞ்சது வேற மாதிரில்ல இருந்துச்சு?"

"அது ஓவியம்டி. போட்டோ இல்ல" என்றேன்.

"ஓவியம்னா பாம்புக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. குழம்பில் உப்பு அதிகம்.

அக்டோபர் 22, செவ்வாய்

மூன்றாம் முறை. கொத்தரிவாளால் கொத்தி எடுத்திருக்கிறான். பூச்சு பெயர்ந்து உள்ளே செங்கல் தெரிகிறது. பாம்பு இருந்த இடத்தில் பாம்பு நீளத்துக்கு ஒரு பள்ளம்.

சிமெண்ட் குழைத்துப் பூசினேன். காயவேண்டும், அதனால் இன்று வரையவில்லை. காயாததால் மட்டும்தான் வரையவில்லை.

சின்னையா கடையில் டீ கேட்டேன். பால் இல்லை என்றார். எனக்குப் பின்னால் வந்தவருக்குப் போட்டுக் கொடுத்தார். பாத்திரம் கழுவுகிற தொட்டியருகே இரண்டு பெண்கள் என்னைக் காட்டி ஏதோ பேசிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். இந்த ஊர் முழுக்கச் சேர்ந்து எதையோ மூடுகிறது. யாரென்று எல்லோருக்கும் தெரியும். என்னிடம் மட்டும் சொல்ல மாட்டார்கள். நாளை காலையிலிருந்து சுவருக்கு எதிரே உட்காரப் போகிறேன். வருகிறவனைக் கையும் களவுமாகப் பிடித்தால்தான் எனக்குத் தூக்கம்.

அக்டோபர் 23, புதன்

ரேஷன் கடை மறைவில் உட்கார்ந்திருந்தேன். திருடன் போல வருவான், அக்கம்பக்கம் பார்ப்பான் என்று நினைத்தேன். பட்டப்பகலில், பன்னிரண்டு மணி வெயிலில், நடுத்தெருவில் வந்தான். மொட்டைத் தலை, அரிவாள். வழியில் எதிர்ப்பட்ட இரண்டு பேர் ஒதுங்கி வழி விட்டார்கள். ஒருவரும் 'எங்கே போகிறாய்' என்று கேட்கவில்லை.

நேராகச் சுவருக்குப் போனவன், சிமெண்ட் பூச்சைப் பார்த்துவிட்டு நின்றான். பாம்பு இல்லை. அரிவாளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். நான் பின்னால் போய், "பிடிச்சேனா?" என்று கத்தினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்படித்தான் கத்தினேன்.

திரும்பினான். திரும்பினார் என்று எழுத வேண்டும். என்னைவிடப் பத்து வயது சிறியவர் என்றாலும் அப்படித்தான் எழுத வேண்டும். செத்துப்போன மீனாளின் கணவர் உடையப்பன்.

"நீங்கதான் பெயிண்டரா?" என்றார். "இன்னும் வரையலயா இன்னிக்கு?"

அவரே சொன்னார். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார், என்னைப் பார்க்கவில்லை.

"கால் வெரல்ல எறும்பு கடிச்சாப்ல இருக்குன்னா. வெளக்கப் போட்டுப் பாத்தா பாய் ஓரத்துல கெடக்கு. நான் அடிக்கல. ஒங்க சொவத்துல அடிக்காதீகன்னு போட்டிருக்குல்ல. கம்பியால நெம்பிக் கொடத்துல போட்டுத் துண்டக் கட்டிட்டேன். ஆட்டோவுக்குச் சொல்லுவோமான்னு கேட்டேன். அவதான், மொதல்ல என்ன பாம்புன்னு பாருங்க, வீணா அலையவேண்டாம்னா. விடியிற நேரத்துல கொடத்தத் தூக்கிக்கிட்டு இங்க வந்தேன். இந்தா, இந்த எடத்துலதான் நின்னேன். துண்ட லேசா வெலக்கி வாலப் பாத்தேன். வாலு வரைக்கும் வெள்ளக் கோடு. சொவத்தப் பாத்தேன். வாலு வரைக்கும் வெள்ளக் கோடு."

சுவரின் இடது பக்கத்துக்குக் கையை நீட்டினார்.

"இடது பக்கத்துலயும் கோடு போட்டது ஒண்ணு இருக்கேன்னு பாத்தேன். அதுக்குக் கீழ கருகருன்னு ஒடம்புன்னு எழுதியிருந்துச்சு. கொடத்துல கெடந்தது மண்ணு ஒட்டி ஒரு மாதிரி இருந்துச்சு. சரி, பயத்தத் தூக்கிப் போட்டாச்சுன்னு சந்தோசமா கம்மாக்கரையில அத விட்டுட்டு, காலிக் கொடத்த இங்கயே போட்டுட்டுப் போனேன். போயி அவகிட்டச் சொன்னேன். ஒண்ணுமில்ல புள்ள, படுத்துக்கன்னேன். வயித்த வலிக்குதுன்னா. ஓமத்தண்ணி வச்சுக் குடுத்தேன்."

அதற்குமேல் நடந்தது எனக்குத் தெரியும். எட்டு மணிக்குக் கண் திறக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் டீ ஆறிப்போய்விட்டது என்று மாற்றிக் கேட்டுக்கொண்டே இதை நான் கேட்டேன்.

"எங்கிட்ட யாரும் சொல்லலையே" என்றேன்.

"மூணு தடவ அழிச்சேன். ரெண்டு தடவ வந்து திரும்பத் தீட்டுனீக, மூணாந்தடவ சிமெண்டு பூசுனீக. தெரிஞ்சேதான் தீட்டுறீகன்னு ஊரே நெனச்சுச்சு. ஒங்களுக்கு யாரு என்ன குடுத்தாகன்னு பேசிக்கிட்டாக."

நான் அவர்களைச் சந்தேகப்பட்ட நாளெல்லாம் அவர்கள் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். நியாயம் அவர்கள் பக்கம்தான் இருந்திருக்கிறது.

அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு உடையப்பன் போய்விட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அக்டோபர் 24, வியாழன்

எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 26, சனி

குழு அலுவலகம். புகைப்படத்தையும், என் துளை போட்ட தாளையும் ஹெலன் மேடத்தின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரு நொடிதான் பார்த்தார். படித்தவர் அல்லவா, ஒரு நொடி போதும். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் சுவரை நேர்ல வந்து பார்க்கலண்ணே. நீங்க போன்ல அனுப்பின படத்துல தூரத்துல தெரிஞ்சது. ஓகேன்னு போட்டுட்டேன்" என்றார். அப்புறம், "கடைசி வரியையாவது பெருசா போட்டிருக்கலாமே. எது கடிச்சாலும் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு கொடுத்தேனே" என்றார்.

அந்த வரி அடியில் இருக்கிறது, தரையிலிருந்து அரை அடி உயரத்தில். என் பெயருக்கும் போன் நம்பருக்கும் இடம் விட்டபிறகு மிஞ்சிய இடம் அதுதான். மழைக்கு முளைத்த புல் அதை மூடியிருக்கும். இதையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை.

மேடம் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, வேறு குரலில் பேசினார்.

"இருபத்தேழு ஊர்லயும் சத்தமில்லாம திருத்திடுங்க. யாராவது கேட்டா புதுப் படம் வருதுன்னு சொல்லுங்க. தப்புன்னு சொல்லாதீங்க. நான் என்னைக் காப்பாத்திக்கச் சொல்லலண்ணே. பாம்புச் சுவர் தப்புன்னு ஆச்சுன்னா, பக்கத்துல இருக்கிற தடுப்பூசிச் சுவரையும் எவனும் நம்பமாட்டான். பத்து வருஷமா வீடு வீடா ஏறி இறங்கி இந்த நம்பிக்கையை வாங்கியிருக்கோம். ஒரே நாள்ல போயிரும்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் உண்மை. மேடம் சொன்னதில் நியாயம் இருப்பதாகத் தோன்றியது, என் பெயரும் தப்பியது. நியாயமும் நம் வசதியும் இவ்வளவு ஒட்டிக்கொண்டு வருகிறதே என்று பஸ்ஸில் வரும்போதுதான் சந்தேகம் வந்தது. அவர் தடுப்பூசியைக் காப்பாற்றுகிறாரா, வேலையைக் காப்பாற்றுகிறாரா? அவருக்கே தெரியுமா என்பது சந்தேகம்.

கிளம்பும்போது, "டைரியில புளியனேந்தல் பக்கங்களை மட்டும் கிழிச்சுட்டுக் கொடுங்க" என்றார். வீட்டில் வந்து டைரியைத் திறந்து பார்த்தேன். எந்தப் பக்கத்தில் புளியனேந்தல் இல்லை? அட்டைதான் மிஞ்சும்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பஞ்சவர்ணம் பலகாரம் செய்தாள். மச்சான் குடும்பம் வந்திருந்தது. அவர் மகள் எட்டாவது படிக்கிறாள். 'மாமா வரஞ்சது' என்று பெருமையாக எல்லோர் முன்னாலும் அந்த இரண்டு வரியைப் பாட்டாகப் பாடிக் காட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் ஊர் என் இருபத்தேழில் இல்லை. இன்னொரு மாவட்டம். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். போனில் வந்ததாம்.

நவம்பர் 4, திங்கள்

மூன்று ஊர்களில் திருத்தினேன். வெள்ளிக்கோல் வரையனின் வால் பக்கத்துக் கோடுகளைப் பழுப்பு நிறத்தால் மூடினேன். கட்டுவிரியனுக்கு நானாகப் போட்டிருந்த கழுத்துக் கோடுகளைக் கறுப்பால் மூடினேன். வாசகத்தை அழித்தேன். என் பெயரை அழித்து அந்த இடத்தில் ஆஸ்பத்திரி வரியைப் பெரிதாக எழுதினேன். யாராவது கேட்டால் 'புதுப் படம்' என்றேன். நல்லா இருக்கு என்றார்கள்.

மூன்றாவது ஊரில் ஒரு கிழவர் சுவரைப் பார்க்காமலே என்னைக் கடந்து போனார், வாய்க்குள் 'வால்வரைக்கும் வெள்ளைக் கோடு' என்று முணுமுணுத்துக்கொண்டே. ஆட்டுக்குக் குழை ஒடிக்கக் கம்மாய்ப் பக்கம் போகிறார். கூப்பிட்டு நிறுத்தி என்ன சொல்வது? புதுப் படம் என்றா?

நவம்பர் 6, புதன்

ஆவரங்காடு. நூறுநாள் வேலை முடிந்து பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு இருபது பேர் இருக்கும். நான் வாசகத்தின் மேல் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்தேன். முதல் வரி பாதி மறைந்திருக்கும், பின்னாலிருந்து ஒரு குரல்.

"யோவ், நிறுத்து. யார் சொல்லி அழிக்கிற?"

மகளிர் குழுத் தலைவி இருளாயி. கையில் மண்வெட்டி. மற்றவர்களும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள்.

"புதுப் படம் வருதும்மா. குழுவுல சொன்னாக" என்றேன்.

"எந்தக் குழு? கார்டு இருக்கா? புளியனேந்தல்ல ஒருத்தன் இதே பாம்பத்தான் அழிச்சுக்கிட்டுத் திரியிறான்னு கேள்விப்பட்டோம். நீதான் அவனா? அந்த வேரு குடுக்குற ஆளு அனுப்புனானா ஒன்ன?"

சந்தேகப் பார்வை எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாதமாக மற்றவர்களை அப்படிப் பார்த்தவன் நான்தான். இன்று எதிர்ப்பக்கம் நின்றேன்.

"அழிச்சாலும் அழிச்சுக்க" என்றார் இருளாயி. "எங்களுக்கு மனப்பாடம். போட்டோவும் இருக்கு." போனை எடுத்துக் காட்டினார். என் சுவர், என் பெயர், என் நம்பர். "திருப்பூர்ல எம் மக கம்பெனிக்கு அனுப்பியிருக்கேன். அவ சேத்தாளுக எல்லாத்துக்கும் அனுப்பியிருக்கா. ஒன்னால எத்தன போன அழிக்க முடியும்?"

பின்னால் இருந்த பெண்கள் சேர்ந்து அந்த இரண்டு வரியைச் சொன்னார்கள். எனக்குப் பாடம் நடத்துவதுபோல, நிறுத்தி, தெளிவாக.

பிரஷ்ஷைக் கீழே வைத்தேன்.

"அது தப்பும்மா" என்றேன். "வாலு வரைக்கும் கோடு இருந்தா அது கட்டுவிரியன். கொல்லுற விஷம். படம் மாறிப்போச்சு. இத நம்பிப் புளியனேந்தல்ல மீனாள்னு ஒரு பொம்பள செத்துப்போச்சு. எந்தப் பாம்பு கடிச்சாலும் படத்தப் பாக்காதீக. ஆசுபத்திரிக்குப் போங்க."

கூட்டத்தில் ஒரு பெண், "அய்யோ, எங்க வீட்டுல போன வாரந்தான் ஒண்ண விட்டோம், கோழிக்கூட்டுக்குப் பின்னால" என்றாள்.

"படம் எப்படி மாறும்?" என்றார் இருளாயி. "தானா மாறுமா?"

"வரஞ்ச பெயிண்டரு பண்ண தப்பு."

"எங்க அந்தப் பெயிண்டரு? அவனக் கூட்டியா. கெட்டிவச்சுக் கேப்போம். ஒரு உசுரு போயிருக்கு, அவம்பாட்டுக்கு வீட்டுல படுத்திருக்கானா?"

பெண்கள் ஆளாளுக்கு அவனை வைதார்கள். நன்றாகத்தான் வைதார்கள், ஒரு வார்த்தையும் வீண் இல்லை. நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அடுத்த ஊரிலும் இதே 'பெயிண்டரை'ச் சொல்லியிருக்கலாம்.

"நாந்தேன்" என்றேன்.

இருளாயி போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினார். "மொதல்ல இருந்து சொல்லு. பேரு, ஊரோட. அந்தப் படம் போன எடத்துக்கெல்லாம் இதுவும் போகட்டும்" என்றார்.

சொன்னேன். சேவுகமூர்த்தி, மூர்த்தி ஆர்ட்ஸ் என்று சொன்னேன். மொட்டையாக இருக்கிறதென்று கோடு போட்டதைச் சொன்னேன். குடத்தைச் சொன்னேன். இரண்டு முறை திரும்பத் தீட்டியதையும் சொன்னேன். மேடம் கேட்டால் என்ன ஆகும் என்று நடுவில் ஒருமுறை நினைத்தேன், நிறுத்தவில்லை. சொல்லி முடித்தபோது பாதிப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள், பாதிப் பேர் என்னை அடித்துவிடுவதுபோல் பார்த்தார்கள். இருளாயி போனை இறக்கவில்லை.

"அந்தப் பொம்பளைக்குப் பிள்ளைக இருக்கா?" என்றார்.

தெரியாது என்றேன். ஒரு மாதமாக அந்த ஊருக்குப் போய்வருகிறேன். நான் கேட்கவே இல்லை.